விமானத் தூரமும் பயண நேரமும்: என் எக்ஸெல் கணக்கு எங்கே இடறுகிறது?

வட்டப்பாதை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. இரண்டு விமான நிலையங்களைத் தேர்ந்தெடுத்தால் இடையில் உள்ள தூரத்தையும் பயண நேரத்தையும் காட்டுகிற மாதிரி ஓர் எக்ஸெல் ஷீட் செய்துகொண்டிருக்கிறேன். அந்தந்த நாடு வெளியிடும் விமானத் தகவல் கையேட்டில் ஒவ்வொரு நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை பாகை, நிமிடம், விநாடியில் இருக்கிறது. அதைத் தசமமாக்கி, ரேடியனுக்கு மாற்றி, உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே தூரம் காணும் ஹேவர்சைன் சூத்திரத்தில் போடுகிறேன். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று எடுத்திருக்கிறேன்.

ஷீட்டில் இப்போது இருப்பது இது: லண்டன் ஹீத்ரோ 51.4775, 0.4614. நியூயார்க் ஜேஎஃப்கே 40.6398, 73.7789. சிங்கப்பூர் சாங்கி 1.3592, 103.9894.

லண்டன் – நியூயார்க் 5,539 கி.மீ. வருகிறது. இணையத்தில் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதுதான். லண்டன் – சிங்கப்பூர் 10,820 வருகிறது. வெளியில் 10,880 சொச்சம் என்கிறார்கள், 60 கி.மீ. உதைக்கிறது. சிங்கப்பூர் – நியூயார்க் போட்டால் 5,320 வருகிறது! 15,000-க்கு மேல் வர வேண்டியது. ஒரே சூத்திரம் ஓரிடத்தில் சரியாகவும், ஓரிடத்தில் கொஞ்சம் பிசகியும், ஓரிடத்தில் முழுக்கத் தப்பாகவும் எப்படி வரும்?

அடுத்தது நேரம். 5,539-ஐ 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 6 மணி 9 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறத்தாழ 8 மணி நேரம், திரும்பி வர ஏறத்தாழ 7 மணி நேரம். இரண்டில் எதை நான் சரி என்று எடுத்துக்கொள்வது? ஷீட்டில் எதைக் காட்டுவது?


இரவுப்பணி பதில்:

நான் ஃப்ளைட் டிஸ்பாட்ச் வேலையில் இருப்பவன். விமானம் கிளம்புவதற்கு முன் அதன் பாதை, எரிபொருள், நேரம் மூன்றையும் கணக்கிட்டு விமானியிடம் கொடுப்பதுதான் அன்றாடப் பிழைப்பு. நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு ஒரு வரியில் பதில் உண்டு. இரண்டாவதற்கு இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலாவது: குறி. கையேட்டில் ஜேஎஃப்கேயின் தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் மேற்கு என்பதற்கான எழுத்து இருந்திருக்கும். தசமமாக்கும்போது அந்த எழுத்து போய்விட்டது, அதற்குப் பதிலாக வர வேண்டிய கழித்தல் குறி வரவில்லை. மேற்குத் தீர்க்கரேகையும் தெற்கு அட்சரேகையும் எதிர்ம எண்கள். ஜேஎஃப்கே −73.7789, ஹீத்ரோ −0.4614. குறி இல்லாத 73.7789 என்பது கிழக்கு; 40.6398 வடக்கில் அந்தப் புள்ளி கிர்கிஸ்தானில் இருக்கிறது. உங்கள் ஷீட் சிங்கப்பூரிலிருந்து கிர்கிஸ்தானுக்குத் தூரம் சொல்லியிருக்கிறது. அந்தத் தூரம் சரிதான், இடம்தான் தப்பு.

லண்டன் – நியூயார்க் ஏன் தப்பித்தது என்றால், இரண்டுமே மேற்கில் இருப்பவை. இரண்டையும் சேர்த்துக் கிழக்கே புரட்டிப் போட்டாலும் இடைவெளி மாறாது. லண்டன் – சிங்கப்பூரில் ஹீத்ரோ மட்டும் புரண்டது. ஆனால் அது பூஜ்ஜியத் தீர்க்கரேகைக்கு அரைப் பாகைதான் தள்ளி இருக்கிறது, அதனால் 60 கி.மீ. சொச்சத்தோடு போயிற்று. இந்த வகைப் பிழை லண்டனை வைத்துச் சோதிக்கிறவர்களின் கண்ணில் படவே படாது. குறிகளைச் சரிசெய்ததும் லண்டன் – சிங்கப்பூர் 10,882, சிங்கப்பூர் – நியூயார்க் 15,340 வர வேண்டும். இனி எந்தக் கணிப்பானைச் சோதித்தாலும் பூஜ்ஜியத் தீர்க்கரேகைக்கு இரு பக்கமும் தள்ளி இருக்கிற ஒரு ஜோடி, நிலநடுக்கோட்டுக்கு இரு பக்கமும் இருக்கிற ஒரு ஜோடி, இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

இந்த 5,539 என்பது பெருவட்டப் பாதையின் நீளம், அதாவது உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி. இதைத் தட்டையான வரைபடத்தில் போட்டால் வளைந்து தெரியும். நியூயார்க் லண்டனைவிட 10 பாகைக்கு மேல் தெற்கே இருக்கிறது. ஆனாலும் ஹீத்ரோவிலிருந்து பெருவட்டம் தொடங்கும் திசை 288 பாகை, மேற்கிலிருந்து 18 பாகை வடக்கே சாய்ந்து. போகும் வழியில் 53.7 பாகை வடக்கு வரை ஏறி, பிறகுதான் இறங்குகிறது. மெர்கேட்டர் எனும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அதே வழியில் போனால் 5,758 கி.மீ. ஆகும். 200 கி.மீ.க்கு மேல் வீண்.

இப்போது நேரம். இங்கேதான் என் வேலை ஆரம்பிக்கிறது.

முதலில், எந்த நேரம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு விமானத்துக்கு நான்கு தருணங்கள் பதிவாகின்றன: கேட்டை விட்டு நகர்வது, சக்கரம் தரையை விட்டு எழும்புவது, சக்கரம் மறுபடி தரை தொடுவது, கேட்டில் வந்து நிற்பது. பெரிய விமானங்கள் இந்த நான்கையும் தாமாகவே நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். முதல் தருணத்திலிருந்து நான்காவது வரை இருப்பதை நாங்கள் பிளாக் டைம் என்போம். இரண்டிலிருந்து மூன்று வரை இருப்பது பறக்கும் நேரம். டிக்கெட்டில் அச்சாவது பிளாக் டைம். நீங்கள் தூரத்தை வேகத்தால் வகுத்தது, எழும்பியதும் இறங்கியதும் இல்லாத ஒரு கற்பனைப் பறப்பு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகாது.

அடுத்தது வேகம். 900 என்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் எங்கே செல்லாது என்பதும் தெரியும். ஜெட் விமானங்கள் உயரத்தில் மாக் எண்ணை, அதாவது ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பதை, வைத்துப் பறக்கின்றன. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 11 கி.மீ. உயரத்தில் திட்ட வளிமண்டலக் கணக்குப்படி −56.5 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் ஒலி மணிக்கு 1,062 கி.மீ. போகும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை 0.85 மாக்கில் பறந்தால் 903 கி.மீ. ஏ320, 737 ரகங்கள் 0.78 என்றால் 828 கி.மீ. ஆகவே அகன்ற உடல் விமானத்துக்கு உங்கள் 900 சரி. மற்றதற்கு 830 போடுங்கள். இரண்டுமே காற்றோடு ஒப்பிட்ட வேகம்தான், தரையோடு அல்ல.

தரைவேகத்தைத் தீர்மானிப்பது காற்று. நாங்கள் தயாரிக்கும் ஃப்ளைட் பிளானில் ஒரு மூலையில் எம்048 என்றோ பி048 என்றோ இருக்கும். எம் என்றால் கழித்தல்: வழி முழுக்கச் சராசரியாக 48 நாட் எதிர்க்காற்று. பி என்றால் கூட்டல்: அவ்வளவு பின்காற்று. நாங்கள் முதலில் கண்ணை ஓட்டுவது அந்த மூலைக்குத்தான். 48 நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 90 கி.மீ. நடு அட்சரேகைகளில் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதில் ஜெட் ஸ்ட்ரீம் எனும் வேகமான பட்டைகள் குளிர்காலத்தில் இன்னும் வலுக்கின்றன. வட அட்லாண்டிக்கில் நல்ல வழியைத் தேர்ந்தெடுத்த பிறகும் 90 கி.மீ. எதிர்க்காற்று மிகச் சாதாரணம்.

உங்கள் ஜோடிக்கே போட்டுக் காட்டுகிறேன். முதலில் தூரத்தில் கொஞ்சம் சேர்க்க வேண்டும். எழும்பும் பாதை, இறங்கும் பாதை, வழிப்புள்ளிகள் எல்லாம் பெருவட்டத்தில் நேராக அமைவதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கார்பன் கணிப்பானில் 550 கி.மீ.க்குக் குறைந்தால் 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கி.மீ. என்று சேர்க்கிறது. எளிய கணக்குக்கு இது போதும். 5,539 + 125 = 5,664.

லண்டனிலிருந்து போகும்போது தரைவேகம் 903 − 90 = 813. நேரம் 6 மணி 58 நிமிடம். திரும்பும்போது 903 + 90 = 993. நேரம் 5 மணி 42 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது, அதற்கு 15 நிமிடம். தரையில் உருள்வதற்கு இரு முனையும் சேர்த்து அரை மணி. போக 7 மணி 43, வர 6 மணி 27. டிக்கெட்டில் 8, 7 என்று பார்த்தீர்கள் அல்லவா? மிச்சம் இருப்பது நிறுவனம் வைத்துக்கொள்ளும் உபரி நிமிடங்கள். ஓடுபாதைக்கு வரிசை, இறங்கும் முன் வட்டமடிப்பு, வழக்கத்தைவிடப் பலமான காற்று எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஆக, டிக்கெட்டின் இரண்டு எண்ணுமே சரி. அவை வெவ்வேறு பயணங்கள்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. எங்கள் தாளில் தூரமே இரண்டாக இருக்கும்: தரைத்தூரம், காற்றுத்தூரம். தரைத்தூரம் இரு திசையிலும் அதே 5,664. காற்றுத்தூரம் என்பது விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் கடக்கும் தூரம். போகும்போது அது சுமார் 6,290 கி.மீ., வரும்போது சுமார் 5,150. எரிபொருள் போடுவது இந்தக் காற்றுத்தூரத்துக்குத்தான். ஒரே இரு நகரங்களுக்கு நடுவே 1,100 கி.மீ.க்கு மேல் வித்தியாசம்! லண்டன் – நியூயார்க் எத்தனை கி.மீ. என்று யாராவது கேட்டால் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும்.


எண்ணும்எழுத்தும் பதில்:

குறி விஷயத்தை இரவுப்பணி ஐயா சொல்லிவிட்டார், எனக்கு வேலை இல்லை. நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு சின்னச் சேர்க்கை.

குறியைத் திருத்திய பிறகும் உங்கள் 5,539-க்குப் பக்கத்தில் சில தளங்கள் 5,554 என்று காட்டும். அது பிழை அல்ல. ஹேவர்சைன் பூமியைக் கச்சிதமான உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 எனும் பூமி அளவுப்படி நிலநடுக்கோட்டு ஆரம் 6,378.137 கி.மீ., துருவ ஆரம் 6,356.752 கி.மீ. இந்த நசுங்கலைச் சேர்த்துக் கணக்கிட 1975-இல் வின்சென்டி வெளியிட்ட முறை பிரபலம். ஆனால் பூமியின் கிட்டத்தட்ட நேர்எதிர்ப் புள்ளிகளுக்கு அது விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013-இல் கார்னி வெளியிட்ட முறையில் அந்தத் தொல்லை இல்லை. பல நிரல் மொழிகளில் தயாராகவே கிடைக்கிறது. உருண்டைக் கணக்கில் வரும் பிழை அரை சதவீதத்துக்குள்தான். பயண நேரம் சொல்வதற்கு அது ஒரு பொருட்டே இல்லை, எக்ஸெலில் ஹேவர்சைனோடு நில்லுங்கள்.

மைலில் காட்டப் போகிறீர்கள் என்றால் எந்த மைல் என்று எழுதிவிடுங்கள். கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. விமானத் துறைத் தரவில் பெரும்பாலும் கடல் மைல் இருக்கும். பார்க்கிறவர்கள் சாதாரண மைல் என்று நினைத்துக்கொள்வார்கள்.


வட்டப்பாதை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மேற்குக்கும் தெற்குக்கும் கழித்தல் குறி போட்டதும் 15,340 வந்துவிட்டது.

தொடர்ந்து இரண்டு சந்தேகம் ஐயா. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்றால் இரண்டும் கழிந்து சராசரி ஒன்றாகிவிடாதா? அப்படியானால் காற்றை விட்டுவிட்டு ஒரே எண்ணைக் காட்டலாமே. இணையக் கணிப்பான்கள் பலவும் அப்படி ஒரே எண்தான் காட்டுகின்றன. மணிக்கு 500 மைல் வேகம், கூட அரை மணி என்ற கணக்கு ஓரிடத்தில் பார்த்தேன்.

இன்னொன்று, சிங்கப்பூர் – நியூயார்க். இந்தப் பெருவட்டத்தை உருண்டை வரைபடத்தில் போட்டால் வட துருவத்தை ஒட்டிப் போகிறது. நிஜமாகவே அப்படித்தான் பறக்கிறார்களா?


இரவுப்பணி பதில்:

கழிந்துவிடாது. எண்ணைப் போட்டே பார்த்துவிடுவோம். 4,500 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம், காற்று இல்லை: போக 5 மணி, வர 5 மணி, மொத்தம் 10. இப்போது 100 கி.மீ. காற்று. வரும்போது 1,000 வேகத்தில் 4 மணி 30 நிமிடம். போகும்போது 800 வேகத்தில் 5 மணி 37½ நிமிடம். மொத்தம் 10 மணி 7½ நிமிடம். எதிர்க்காற்றில் நீங்கள் செலவழிக்கும் நேரம் அதிகம், பின்காற்றில் செலவழிக்கும் நேரம் குறைவு. ஆகவே இழப்பு எப்போதும் லாபத்தைவிடப் பெரிது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் போய்வருவதற்கு ஆகும் மொத்த நேரம் கூடத்தான் செய்யும்.

நீங்கள் பார்த்த 500 மைல் கணக்கு மோசமில்லை. 500 மைல் என்பது 805 கி.மீ. லண்டன் – நியூயார்க்குக்கு 6 மணி 53 நிமிடம், அரை மணி சேர்த்து 7 மணி 23. டிக்கெட்டின் 8-க்கும் 7-க்கும் நடுவே போய் உட்கார்கிறது பாருங்கள். அந்த மெதுவான வேகத்துக்குள்ளேயே ஏற்றம், இறக்கம், பாதை வளைவு எல்லாம் அடங்கிவிடுகிறது. எவ்வளவு நேரம் என்று ஓர் உத்தேசம் வேண்டுகிறவருக்கு அது போதும். ஆனால் அந்த நேரத்தில் எந்த விமானமும் எந்தப் பக்கமும் போவதில்லை. எனக்கு அது நெருடுகிறது. ஒருவர் அதை நம்பி அடுத்த விமானத்தைப் பிடிக்கத் திட்டம் போட்டால், மேற்கே போகும்போது அரை மணிக்கு மேல் அடி வாங்குவார். இரண்டு திசைக்கும் இரண்டு எண் காட்டுங்கள். கூடுதலாக ஒரு கட்டம், அவ்வளவுதான்.

காற்றுக்கு எந்த எண்ணைப் போடுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். என் பரிந்துரை: வழியின் பெரும்பகுதி 30 முதல் 60 பாகை அட்சரேகைக்குள், ஓரளவு கிழக்கு மேற்காக இருந்தால் 90 கி.மீ. கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். தென்பாதியிலும் அதே திசைதான், மேற்கிலிருந்து கிழக்கே. வடக்கு தெற்காகப் போகிற வழிக்கும், நிலநடுக்கோட்டை ஒட்டிய வழிக்கும் பூஜ்ஜியம் போட்டுவிடுங்கள். இது சராசரிக்குத்தான். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நேரத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 வெறும் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. காற்றுக்குள் அது வழக்கம்போல ஒலியைவிட மெதுவாகத்தான் பறந்துகொண்டிருந்தது, காற்றே அதைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று.

சிங்கப்பூர் – நியூயார்க்: நீங்கள் பார்த்தது சரி, அந்தப் பெருவட்டம் வட துருவத்துக்கு 300 கி.மீ.க்குள் போகிறது. ஆனால் நியூயார்க் நோக்கிப் போகும்போது பெரும்பாலும் வட பசிபிக்கின் மேல் கிழக்கே சுற்றிப் போவார்கள். தூரம் கூடும். ஆனால் ஜப்பானுக்கு அப்பால் கிடைக்கும் பின்காற்று அந்தக் கூடுதலை ஈடுகட்டிவிடும். தூரத்தில் குறுகியது வேறு, நேரத்தில் குறுகியது வேறு. எங்கள் மென்பொருள் தேடுவது இரண்டாவதை. சரியாகச் சொன்னால் செலவில் குறைந்ததை.

காற்று மட்டுமல்ல, வானமே மூடிக்கிடக்கலாம். ஹெல்சின்கி – டோக்கியோ பெருவட்டத் தூரம் 7,800 கி.மீ. சொச்சம். 2022 பிப்ரவரிக்கு முன் ரஷ்யாவின் மேல் நேராகப் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு அதே பயணம் சுமார் 13 மணி நேரம் ஆனது. வட துருவத்தின் மேல் ஏறி அலாஸ்கா பக்கமாக இறங்குவதும், தெற்கே சுற்றி வருவதும்தான் வழி. எந்தச் சூத்திரமும் இந்த மூன்றரை மணி நேரத்தை உங்களுக்குச் சொல்லாது. இரு நிலையங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, 7,800-உம் அப்படியே இருக்கிறது. இப்படிப்பட்ட வழித்தடங்களுக்குக் கணக்கை விட்டுவிட்டு, இப்போது நடப்பில் உள்ள அட்டவணை நேரத்தைக் கையால் எழுதிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நேர்மையான வழி அதுதான்.


ஜன்னலோரம் பதில்:

அருமையான விளக்கம் இரவுப்பணி சார். பயணி பக்கத்திலிருந்து ஒன்று. இந்தப் பெருவட்டத் தூரம் வெறும் கணக்கு மட்டுமல்ல, பணமும் கூட. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி, எண் 261-இன்படி, விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ கிடைக்கும் இழப்பீடு தூரத்தை வைத்துத்தான். 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் ஐரோப்பாவை விட்டு வெளியே போகிற பயணங்களுக்கு 600. தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. வழியில் விமானம் மாறினால் துண்டுதுண்டாகக் கூட்டக் கூடாது, முதலில் கிளம்பிய இடத்திலிருந்து கடைசி இடத்துக்கு நேராக அளக்க வேண்டும் என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே 1,490-ஆ 1,510-ஆ என்கிற இடத்தில் எண்ணும்எழுத்தும் சொன்ன அரை சதவீதம் பொருட்டாகிவிடும் நண்பரே. அங்கே மட்டும் நசுங்கலைச் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

நேரத்துக்கும் அதே நீதிமன்றம் 2014-இல் ஒரு தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. தாமதக் கணக்கில் வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரை தொட்ட நேரமும் அல்ல, கேட்டில் நின்ற நேரமும் அல்ல. ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்க முடிகிற நேரம். இரவுப்பணி சொன்ன நான்கு தருணங்களுக்கு அப்புறம் ஐந்தாவது ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.


வட்டப்பாதை எழுதியது:

போக, வர இரண்டு கட்டமாகப் பிரித்துவிட்டேன். அகன்ற உடல், குறுகிய உடல் என்று வேகத்தையும் தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: கிளம்பும் நேரம் கொடுத்தால் போய்ச் சேரும் உள்ளூர் நேரத்தைக் காட்ட விரும்புகிறேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் நேர வித்தியாசத்தை ஒரு பத்தியில் எழுதி வைத்தால் போதுமா?


இரவுப்பணி பதில்:

ஒரு பத்தி போதாது. ஜன்னலோரம் சொன்ன ஐந்தாவது தருணத்தை நானும் குறித்துக்கொண்டேன், நன்றி.

கணக்கு நடக்க வேண்டியது யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில். கிளம்பும் உள்ளூர் நேரத்தை யூடிசிக்கு மாற்றுங்கள், பிளாக் டைமைக் கூட்டுங்கள், வந்ததைச் சேரும் இடத்தின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். உள்ளூர் நேரத்தோடு உள்ளூர் நேரத்தைக் கழிக்கும் வேலையே வேண்டாம். சிட்னியில் ஜூன் மாதத்தில் காலை 10 மணிக்குக் கிளம்பி லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர், பதின்மூன்றரை மணி நேரம் பறந்து, அதே தேதியில் காலை 6:30-க்கு இறங்குவார். நேரடியாகக் கழித்தால் எதிர்ம எண் வந்து எக்ஸெல் கட்டம் முழுக்க # அடையாளமாக நிரம்பிவிடும். தேதியையும் நேரத்தையும் ஒன்றாக ஒரே கட்டத்தில் வைத்திருங்கள்.

வித்தியாசத்தை முழு மணியாக வைக்காமல் நிமிடமாக வையுங்கள். இந்தியா 330 நிமிடம், நேபாளம் 345 நிமிடம்.

அப்புறம் கோடைகால நேர மாற்றம். இதனால்தான் ஒரு பத்தி போதாது என்றேன். வித்தியாசம் நிலையத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல, தேதிக்கும் சொந்தமானது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வருடத்தில் பெரும்பகுதி 5 மணி நேர வித்தியாசம். ஆனால் அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். இலையுதிர்காலத்தில் பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்புகிறது, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறன்று. அந்த ஒரு வாரமும் 4. உலகம் முழுவதற்குமான இந்த விதிகளை ஐஏஎன்ஏ நேர மண்டலத் தரவுத்தளம் தொகுத்து வைத்திருக்கிறது, இலவசம். ஆனால் எக்ஸெல் தானாக அதைப் படிக்காது. ஒவ்வொரு நிலையத்துக்கும் சாதாரண வித்தியாசம், கோடை வித்தியாசம், கோடை தொடங்கும் தேதி, முடியும் தேதி என்று நான்கு பத்தி வைத்து, தேதிப் பத்திகளை வருடா வருடம் புதுப்பியுங்கள். சிட்னி போன்ற தென்பாதி ஊர்களில் கோடை வருடக் கடைசியில் தொடங்கி அடுத்த வருடத்தில் முடியும், அந்த நிபந்தனையைத் தனியாக எழுத வேண்டியிருக்கும்.

முடித்ததும் லண்டன் – நியூயார்க் ஜோடிக்கு மார்ச் 20 என்று தேதி கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் 240 நிமிடம் என்று வந்தால் ஷீட் சரியாக இருக்கிறது. 300 வந்தால் எங்கோ கோடைத் தேதி எடுபடவில்லை, ஷீட்டை இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.